பழைய அலாய் வீலுக்குப் புது டயர்

பழைய அலாய் வீல் விற்கிற கடைக்கு யாரும் வீல் வாங்க வருவதில்லை. தன் வண்டி ஒரே நாளில் ஐந்து வயது குறைந்துவிட வேண்டும் என்ற ஆசையோடுதான் வருகிறார்கள். அந்த ஆசைக்கு அளவெடுத்து, அதற்குப் பொருத்தமாக டயரும் தேடிக் கொடுப்பது என் வேலை. சென்னைப் பக்கம் பாடியில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் தரப் பரிசோதகனாக இருந்துவிட்டு அம்பத்தூரில் இந்தக் கடையைப் போட்டேன். டயர் மாட்டுவதற்கு மூர்த்தி இருக்கிறார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'அண்ணாத்தே' என்றுதான் கூப்பிடுவார். கார் வைத்திருப்பவர்களுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்லப்போவது புதுசாக இருக்காது. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

எண்ணிப் பார்க்கவில்லை

திருநெல்வேலியிலிருந்து இங்கே ஐ.டி. வேலைக்கு வந்த பையன் ஒருவன். நாலு அலாய் வீல்களைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல ஒவ்வொன்றாக ஆட்டோவிலிருந்து இறக்கினான். போனில் பார்த்து, பெங்களூரிலிருந்து வரவழைத்தானாம். கறுப்பும் வெள்ளியுமாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தன. மூர்த்தி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவன் கார் பக்கத்தில் வைத்தார். வீலில் ஐந்து ஓட்டை. வண்டியில் நாலு.

"வீல்ல புதுசா நாலு ஓட்டை போட முடியாதா?" என்று கேட்டான். வீலில் புதுசாக ஓட்டை போட்டால் ஓட்டைதான் கிடைக்கும், வீல் கிடைக்காது என்று விளக்கினேன். வீல் வாங்குவதற்கு முன்னால் ஓட்டைகளின் எண்ணிக்கை, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி, நடு ஓட்டையின் அகலம், வீல் உள்ளே எவ்வளவு தள்ளி உட்காரும் என்பதெல்லாம் பார்க்க வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். பிறகு வீல்களை மறுபடியும் போர்வையில் சுற்றியபடியே சொன்னான்: "போட்டோல அஞ்சு ஓட்டை தெளிவாத்தான் தெரிஞ்சுது அண்ணாச்சி. என் வண்டியில எத்தனைன்னு எண்ணிப் பாக்கணும்னுதான் தோணலை."

நாலு எண்

டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் அது தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருஷம். ரப்பர் தேயாமலே இருந்தாலும் வயதானால் இறுகிப்போகும், மழையில் பிடிக்காது. இதை நான் வலியச் சொன்னாலும் பெரும்பாலானவர்கள் கேட்க மாட்டார்கள், 'தேயவே இல்ல, பட்டன் நல்லா இருக்கே' என்பார்கள். ஒரு சனிக்கிழமை வந்த அம்மா ஒருவருக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு, அடுக்கில் இருந்த டயர்களை ஒவ்வொன்றாக உருட்டச் சொல்லி, எண்ணைப் படித்து, விரலால் அழுத்தி, முகர்ந்துகூடப் பார்த்தார். பதினாறாவது டயரில் மூர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கணவர் அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "மேடம் ரொம்ப விவரமா பாக்கறாங்க" என்றேன் மரியாதைக்கு. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "என்னையும் இப்படித்தான் சார், சுத்திச் சுத்திப் பாத்து எடுத்தாங்க. எடுத்துட்டு ஸ்டெப்னியா வெச்சிருக்காங்க."

ஐந்தாவது வீல்

இது சிரிக்கிற விஷயமில்லை. விபத்தில் முன்பக்கம் நசுங்கிய ஒரு காரிலிருந்து ஐந்து அலாய் வீல்கள் வந்தன. ஒன்றின் உட்புறத்தில் நூல் மாதிரி ஒரு விரிசல். காற்றுகூடக் கசியாது, ஆனால் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் பிளந்துவிடும். சிலர் வெல்டிங் வைத்து விற்பார்கள். நான் செய்வதில்லை. சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைத்தேன். மத்தியானம் கள்ளிக்குப்பத்திலிருந்து பாஸ்கர் வந்தார். நாலு வீலும் புது டயரும் வேண்டும், மறுநாள் காலையில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு குற்றாலம் போகிறேன் என்றார். நான் உற்சாகத்தில் ஐந்து வீலையும் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பளபளப்பாக்கினேன். குறியும் சேர்ந்து கழுவிப்போனதை நான் கவனிக்கவே இல்லை. "எது ஒதுக்குனது அண்ணாத்தே?" என்று மூர்த்தி கேட்டபோது, தரப் பரிசோதகன் அல்லவா, ஒரு வீலைக் காட்டி "அதுதான்" என்றேன். மற்ற நாலையும் மூர்த்தி பாஸ்கரின் காரில் மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பழைய இரும்பு எடுப்பவர் வந்தார். ஒதுக்கிய வீலை எடுத்த மூர்த்தி அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாத்தே, இதுல விரிசலே இல்ல. அப்போ ஒடஞ்ச வீலு எங்க கீது?" என்றார். பாஸ்கருக்குப் போன் அடித்தேன், மணி போனது, எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் மூர்த்தியைப் பின்னால் உட்காரவைத்து, அவர் மடியில் ஜாக்கியும் ஸ்பானரும் கிடக்க, கள்ளிக்குப்பத்துக்குப் பறந்தோம். பில்லில் எழுதிய விலாசத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். தெருமுனை திரும்பும்போது அவர் கார் கேட்டைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. குறுக்கே நிறுத்திவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வீலாக செல்போன் விளக்கை அடித்துப் பார்த்து, பின்பக்க இடது வீலின் உட்புறத்தில் விரிசலைக் காட்டியதும் பாஸ்கரின் முகம் வெளுத்தது. "குழந்தைங்க உக்காந்திருக்காங்க சார் இதுல!" என்று கத்தினார். "தப்பு என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு ஜாக்கியைக் காருக்கு அடியில் வைத்தேன்.

அங்கேயே ஸ்டெப்னியை மாட்டி, எல்லோருமாகக் கடைக்கு வந்து, நல்ல வீலில் டயரை ஏற்றினோம். மூர்த்தி வேலை செய்யும்போது என்னைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து ஒதுக்கிய வீலுக்கு சாக்பீஸ் கிடையாது. அந்த நிமிஷமே சம்மட்டியால் விளிம்பை உடைத்துப் போட்டுவிடுகிறோம். கிளம்புவதற்கு முன்னால் பாஸ்கரின் மனைவி காரிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி. என் முன்னால் அதை வைத்துவிட்டுச் சொன்னார்: "திட்டவும் வாய் வரல, நன்றி சொல்லவும் மனசு வரல. ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க."

புளி

திருமுல்லைவாயிலில் முன்பு வயல் வைத்திருந்த குடும்பம் ஒன்று. மகன் கால் டாக்ஸி ஓட்டுகிறான். எங்களிடம் வாங்கிய வீல்கள் ஒரே மாதத்தில் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டன என்று சண்டைக்கு வந்தான். கூடவே அவன் அம்மாவும் காரில் இருந்தார். வீலைப் பார்த்தால் மேல்பூச்சு முழுக்கக் கீறல். "எதைப் போட்டுக் கழுவுனீங்க?" என்று கேட்டேன். அவன், "தண்ணிதான் சார்" என்றான். அம்மா இறங்கி வந்து, "நான்தான் வாரா வாரம் புளி போட்டு, கம்பி நாரால நல்லா தேய்ச்சேன்" என்றார் பெருமையாக. மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அலாய் வீலுக்குப் புளிப்பான எதுவும் ஆகாது, கம்பி நார் ஆகவே ஆகாது, வண்டி ஓடி வந்த சூடு ஆறியதும் குளிக்கிற சோப்பைக் கரைத்து மெல்லிய துணியால் துடைத்தால் போதும், பிரேக்கிலிருந்து வருகிற கறுப்புத் தூளை மட்டும் நாள்பட விடக்கூடாது என்றெல்லாம் சொன்னேன். அந்த அம்மா முழுவதும் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "குத்துவெளக்கு தாங்குற புளிய தாங்கலன்னா, இது இன்னா நைனா பெரிய வீலு?"

அப்பாவின் இடுப்பு

சின்னக் காருக்குப் பெரிய வீல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் ஒரு இளைஞர். வீல் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் குட்டையாகும், நம் சாலைப் பள்ளங்களை அது தாங்காது, நீங்களும் தாங்க மாட்டீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன். கேட்கவில்லை. மூன்றாவது வாரம், நெளிந்த விளிம்போடு வந்து பழைய அளவையே மாட்டச் சொன்னார். 'நான் அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தையை நான் கஷ்டப்பட்டு விழுங்கினேன். அவரே சொல்லிவிட்டார்: "வெளிய நின்னு பாத்தவங்க எல்லாம் சூப்பர்னாங்க சார். உள்ள உக்காந்த எங்கப்பாதான் இடுப்பு போச்சு, பஸ்ல போறேன்னுட்டாரு."

கடக் கடக்

ஆவடியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். வீல் மாட்டிய மூன்றாம் நாளே, "திரும்பும்போதெல்லாம் கடக் கடக்னு சத்தம். நட் கழண்டிருக்கு" என்று வந்து நின்றார். புதுசாக மாட்டிய வீலின் நட்டுகளை நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று நானே சொல்லியிருந்ததால் பயந்துபோய்ச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. வீல்களைக் கழற்றி பேலன்ஸ் பார்த்தோம். சரி. பேரிங் பார்த்தோம். சரி. ஓட்டிப் பார்த்தோம். கடக் கடக். "மாணவன் தப்பு செய்தா நான் உடனே கண்டுபிடிப்பேன்" என்றார் ஆசிரியர், என்னைப் பார்த்து.

ஒன்றரை மணி நேரம் கழித்து, ஸ்டெப்னியையும் பார்த்துவிடலாம் என்று மூர்த்தி டிக்கியைத் திறந்தார். மூலையிலிருந்து ஒரு தேங்காய் உருண்டு வந்து அவர் கைமேல் முட்டி நின்றது. புது வீலுக்குச் சுற்றிப் போட வாங்கி, உடைக்க மறந்த தேங்காய். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மூர்த்தி அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வீலு நாலும் சுத்தம் அண்ணாத்தே. தேங்காக்குத்தான் பேலன்ஸ் பாக்கணும்."

உருண்டையான ஒரு பொருளை விற்கிற தொழிலில் இத்தனை கோணல்கள் இருக்கும் என்று கடை திறந்த அன்றைக்கே யாராவது ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கலாம்.