பதிவேட்டைத் தின்ற கழுதை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஒஸ்லோவின் குறொன்லாண்டில் வழமையாகப் போகும் மரக்கறிக் கடையில் பாகற்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகள், இரண்டு காதையும் அடைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டு, தனக்கு ஒரு தாயே இல்லை என்ற பாவனையில் நின்றாள். வெங்காய மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர், "ரீச்சரெல்லோ?" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். தலை முழுக்க நரை, கழுத்தில் கம்பளிச் சால்வை, கையில் முருங்கைக்காய். குரல் மட்டும் மாறவில்லை. அதே பதமான குரல்.

"பிள்ளை நல்லா வளர்ந்திட்டா. எத்தினை வயசு?"

"பன்னிரண்டு," என்றேன்.

மகள் காதிலிருந்ததைக் கழற்றினாள். "அம்மா, எனக்குப் பதினாலு."

அவர் சிரித்தார். "தாய்மாருக்குப் பிள்ளையள் எப்பவும் சின்னப்பிள்ளையள்தான்," என்று சொல்லிவிட்டுக் காசு கொடுக்கப் போனார்.

ரயிலில் ஏறியதும் மகள் தொடங்கினாள். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? சரியான ஃப்ளவ்ட்!" வெட்கக்கேடு என்பதற்கு இங்கே வளர்ந்த பிள்ளைகளின் சொல் அது. ஒரு நாளைக்கு நாற்பது தரம் நான் அவளுக்கு அதைத் தேடிக்கொடுக்கிறேன். பாகற்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வெறும் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு தரிப்புத் தாண்டிய பிறகுதான் அது கோபம் என்று தெரிந்தது.

அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். அந்த மனிதர் எங்கள் பகுதிக்கு இயக்கத்தின் பொறுப்பாளராக இருந்தவர். மன்னார்ப் பெருநிலத்தில் ஒரு கரையோரக் கிராமம். இருபத்தேழு வயதில் கணக்கு ரீச்சராக எனக்கு முதல் நியமனம் அங்கேதான். போன புதிதில் பாதை திறந்திருந்தது. பிறகு சண்டை மூண்டது, பாதையைப் பூட்டினார்கள், நான் உள்ளே அகப்பட்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மா அப்பாவுக்குக் கடிதம்கூடப் போகாது. வெளியே இருந்து ஆமி ஷெல் அடித்தது. அந்தக் கோபத்தை வேறாக வைத்திருக்கிறேன், இதோடு கலக்கப்போவதில்லை. உள்ளே இயக்கத்தின் ஆட்சி. ஊரைவிட்டுப் போக அவர்களின் பாஸ் வேண்டும். வாய் திறக்குமுன் முன்னால் நிற்பது யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கிராமத்தில் அந்த ஆட்சி முழுக்க இந்த ஒரு மனிதர்தான். கத்தமாட்டார். ஸ்திரி போட்ட சேர்ட், மோட்டார் சைக்கிள், "ரீச்சர், சாப்பிட்டாச்சோ?" என்ற விசாரிப்பு. யாராவது அப்படிக் கேட்டால் இன்றைக்கும் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன்.

பாடசாலைக்குப் பின்னால் குவாட்டர்ஸ் என்ற பெயரில் ஒரு அறையும் குசினியும். பிறின்சிப்பல் ஒரு கிழமை பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனவர், திரும்பவே இல்லை. ஊர்ச் சனம் என்னிடம் மரியாதையாக இருந்தது. மரியாதை என்றால், வீட்டுக்குள் கூப்பிடமாட்டார்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரி, என்ன சாதி என்று கேளாமலே அவர்களுக்குத் தெரியும், என் முகமும் அப்போது அப்படித்தான் இருந்திருக்கும். வீட்டில் இருந்து கொண்டுபோன செம்பில்தான் தண்ணீர் குடித்தேன் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. பகல் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் போனால் மறுநாள் எட்டு மணிவரை நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். சில நாட்களில் வாய்ப்பாட்டை உரத்துச் சொல்லிக்கொள்வேன், குரல் இருக்கிறதா என்று பார்க்க.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். கெட்டுப்போன ஒரு கழுதை என் குசினிச் சுவருக்கு வந்தது. மன்னார்ப் பக்கம் கட்டாக்காலிக் கழுதைகள் அதிகம். இது பின்னங்காலில் முட்கம்பி கிழித்த புண்ணோடு வந்து, சுவரில் சாய்ந்து நின்றது. விரட்டினேன், போகவில்லை. தடி எடுத்தேன், தடியை மணந்து பார்த்தது. மூன்றாம் நாள் புண்ணில் புழு நெளிவது கண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு உப்புத்தண்ணீரால் கழுவினேன். எங்கள் அம்மா பார்த்திருந்தால் என்னை வாசலிலேயே நிறுத்தித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பா.

அது ஒவ்வொரு காலையும் பிரார்த்தனை நேரத்தில் விறாந்தையில் ஏறி, பிறின்சிப்பலின் வெறும் கதிரைக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்கும். அங்கே நிற்கவேண்டியவர் வவுனியாவில் இருந்ததால் பிள்ளைகள் கழுதைக்குப் பிறின்சிப்பல் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தது ஜசிந்தா. எட்டாம் வகுப்பு, இடதுகைக்காரி, பனங்கன்று மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தவள். கரும்பலகையில் தினமும் திகதி எழுதுவது அவள்தான். எழுத்துகள் எல்லாம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, காற்றில் நிற்பதுபோல இருக்கும். பின்னேரங்களில் கழுதைக்குக் கஞ்சித்தண்ணீர் கொண்டுவருவாள், பின்னால் நாலு பேர் வருவார்கள், வந்தவர்கள் அப்படியே இருந்து கணக்குச் செய்வார்கள். பிறகு பிள்ளைகளைத் தேடித் தாய்மார் வந்தார்கள். கழுதைக்குக் கால் கழுவும் ரீச்சரிடம் யாருக்கு மரியாதை வரும்? சிரித்தார்கள். ஒருநாள் ஜசிந்தாவின் தாய், "உள்ளுக்கு வாங்கோவன் ரீச்சர், நண்டுக் கறி இருக்கு," என்றா. போனேன். அவர்களின் செம்பில் தண்ணீர் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இங்கே நான் வேலை செய்யும் பார்னஹாகே என்ற பாலர் பாடசாலையில், கிறிஸ்மஸ் வந்தால் குழந்தைகள் கடதாசி ஒட்டி விளக்குச் செய்வார்கள். இங்கத்தைய ரீச்சர்மார் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். நான்தான் ஒருமுறை, இது ஒட்டாது என்று சொல்லி, கோதுமை மாவை அடுப்பில் கிண்டிப் பசை காய்ச்சிக் கொடுத்தேன். அந்த மணம் எழும்பியதும் வெளியே போய்ப் பனியில் நின்றேன். கூட வேலை செய்யும் பெண் ஓடிவந்து, சுகமில்லையா என்று கேட்டாள். ஒரு பதிவேட்டைப் பற்றி அவளுக்கு என்ன சொல்ல?

எங்கள் பாடசாலைகளில் தவணை தொடங்கும்போது வரவுப் பதிவேட்டுக்கு உறை போடுவது ஒரு பழக்கம். நான் சீமெந்துப் பேப்பரை வெட்டி, மாப்பசை காய்ச்சித் தாராளமாகப் பூசி ஒட்டியிருந்தேன். எட்டு முதல் பதினொன்று வரை எல்லா வகுப்புக்கும் அந்த ஒரு பதிவேடுதான். பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி. ஒருநாள் மத்தியானம் பொறுப்பாளரிடம் இருந்து செய்தி வந்தது. நாளைக்குப் பத்து மணிக்கு வருவார், பதிவேட்டை எடுத்துவைக்கட்டாம்.

எதற்கென்று கேட்கத் தேவையில்லை. வீட்டுக்கு ஒருவர் என்று சேர்த்துக்கொண்டிருந்த காலம். பதினேழு வயதுக்கு மேல் என்பது வாய்ச்சொல். பதினாலு தாண்டினாலே கண் வைப்பார்கள். பிள்ளைகளைப் பெற்றோர் ஒளித்துவைத்தாலும் பதிவேட்டில் ஒளிக்க முடியாது. அன்று பின்னேரம் குசினிப் படியில் இருந்து, பதினாலு தாண்டியவர்களை எண்ணினேன். பதினொரு பேர். சோறு பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போய் வடித்துவிட்டு வந்தால், பிறின்சிப்பல் பதிவேட்டைச் சப்பிக்கொண்டிருந்தார். பசை ருசித்திருக்கிறது. உறை போய், முதல் பக்கங்களும் போய்விட்டன.

பறித்திருக்கலாம். கையும் நீட்டினேன். பிறகு அந்தக் கை என்ன செய்தது என்பதுதான் என் வாழ்க்கையில் நான் பெருமைப்படும் ஒரே விஷயம். மிச்சத் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, சுடுகஞ்சியில் தோய்த்து, ஊட்டிவிட்டேன். அதுவரை நான் வரிசையை மீறி பஸ்ஸில்கூட ஏறியவள் இல்லை.

மறுநாள் அவர் வந்தார்.

"கழுதை திண்டிட்டுது," என்றேன்.

"எதை?"

"பதிவேட்டை."

கழுதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "பரவாயில்லை ரீச்சர். உங்களுக்கு ஞாபகசக்தி இருக்கும்தானே. மூண்டு நாளிலை திரும்ப எழுதித் தாங்கோ."

அந்த மூன்று நாளில் ஊர் செய்யவேண்டியதைச் செய்தது. படகு வைத்திருந்தவர்கள் மீனுக்குப் போவதுபோலப் போனார்கள். பதினொரு பேரும் கடல் தாண்டிவிட்டார்கள். ஊரோ சிரித்துக்கொண்டிருந்தது. பல மாதம் சிரிக்காத சனம். கருவாடு காயப்போடும் பெண்கள் மோட்டார் சைக்கிள் போகும்போது அவரின் முதுகுக்குப் பின்னால் கழுதைபோலக் கத்திக் காட்டினார்கள். அவருக்கு அது கேட்காமல் இருந்திருக்காது.

நான் புதுப் பதிவேடு எழுதினேன். போனவர்களின் வீட்டாருக்கு வில்லங்கம் வராதபடி அவர்களின் பெயரையும் சேர்த்தேன். இனி வருவதுதான் என் பிழை. கணக்கு ரீச்சர் அல்லவா? ஒழுங்காக, எல்லாப் பிள்ளைகளுக்கும் வயதில் இரண்டைக் கழித்தேன். அந்தப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் குறைத்தால் போதும் என்று மூளைக்கு எட்டவில்லை. ஒரேமாதிரி செய்தால் சந்தேகம் வராது என்று நினைத்தேன். நாலாம் நாள் அவர் பதிவேட்டை விரித்து, வகுப்பில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பினார். ஜசிந்தா எழுந்தாள். அவரைவிட அரைச்சாண் உயரம். பதிவேட்டைப் பார்த்தார்.

"பதினொண்டோ? அப்ப ரீச்சர் எல்லாருக்கும் பொய்தான் எழுதியிருக்கிறா."

அவளுக்கு உண்மையில் பதின்மூன்று. உள்ளதை எழுதியிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ. "இல்லை, பதின்மூண்டு, ஞானஸ்நானப் பதிவு இருக்கு," என்று கத்தினேன். தாய் ஓடிவந்து காலில் விழுந்தா. அவர் குனிந்து அந்தத் தாயைத் தூக்கிவிட்டு, "அழாதேங்கோ அம்மா, எழுத்து வேலைக்குத்தான்," என்றார். குரல் உயரவே இல்லை. அவரோடு வந்தவர்கள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு கிழமை கழித்து, சந்தியில் இருந்த மின்கம்பத்தில் பிறின்சிப்பலைக் கட்டிச் சுட்டிருந்தார்கள். மனிதர்களுக்கு அங்கே அப்படிச் செய்வது வழக்கம். கழுத்தில் பலகை தொங்கவிடுவதும் வழக்கம். இதற்கும் தொங்கியது. "துரோகி" என்று எழுதியிருந்தது. எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

எழுத்து வேலை என்றாரே, அது இதுதான். கழுதைக்குப் பெயர் வைத்தவளைக் கொண்டே எழுதுவித்திருக்கிறார். ஒரு ஆயுதமும் இல்லாத ஒரு மிருகம் தன்னைப் பார்த்து ஊரைச் சிரிக்கவைத்ததை அந்தப் பெரிய வீரரால் தாங்கமுடியவில்லை. சந்தியில் யாரும் கிட்டப் போகவில்லை. நான் போனேன். இயக்கத்தவர்கள் பார்க்கப் பார்க்கக் கயிற்றை அறுத்தேன். ஊர் ஆண்கள் நாலு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த ஆத்திரத்தில், அடுப்பில் வைத்தேன்.

ஜசிந்தா திரும்பி வரவில்லை. சண்டை கிட்ட வந்தது, கிராமம் கலைந்தது, நான் முகாம் கண்டு, கல்யாணமாகி, இங்கே வந்தேன். இறுதி நாட்களுக்கு முன்பே பொறுப்பாளர் படகேறிவிட்டார் என்று பின்னால் அறிந்தேன். அவருடைய மனைவியும் மகனும் அதற்கு எத்தனையோ வருடம் முந்தியே ஒஸ்லோவில் இருந்திருக்கிறார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவர் ஊரார் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார். தன் பிள்ளை ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் பனிச்சறுக்குப் பழகிக்கொண்டிருந்தது.

போன கிழமை அந்த மகன் தொலைபேசியில் வந்தான். நல்ல பிள்ளை, குற்றம் சொல்லமாட்டேன். "ரீச்சர், அப்பாவுக்கு அறுபது. மணிவிழா மலர் அடிக்கிறம். நீங்கள் மன்னாரிலை அப்பாவோடை பழகினனீங்களாம். ஒரு நினைவுக் கட்டுரை தாங்கோவன். சும்மா சின்னச் சின்னச் சம்பவங்களா. அப்பா எல்லாத்தையும் தானே வாசிச்சுப் பார்த்துத்தான் அச்சுக்கு விடுவார்."

"தாறன் தம்பி," என்றேன். உங்களுக்கு இதுவரை சொன்னதைத்தான் அனுப்புகிறேன், ஒரு வரி குறைக்காமல்.

அந்தப் பாடசாலைக்கு இப்போது கூரை இல்லை. கருவாட்டுப் பந்தல்கள் இருந்த இடத்தில் வேலி. ஜசிந்தாவின் தாய் வருடத்தில் ஒருமுறை பேசுவா. பிள்ளையின் படம் ஒன்றும் இடம்பெயர்வில் தப்பவில்லை. "ரீச்சர், அவளின்ரை கொப்பி ஏதும் உங்களிட்டை இருக்கோ? ஒரு எழுத்தெண்டாலும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பா. இல்லை என்பேன். அந்தப் பிள்ளையின் கையெழுத்து உலகத்தில் கடைசியாக இருந்தது அந்தப் பலகையில்தான், அதை எரித்தவள் நான்தான் என்று அந்தத் தாய்க்கு இன்னும் சொல்லவில்லை.

மலரில் இது வராது. அது எனக்குத் தெரியும். ஆனால் அச்சுக்கு விடுமுன் அவர் வாசிப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேநீரும் கையுமாக, புகழ்ச்சி வரும் வரும் என்று வாசித்துக்கொண்டு வருவார். வரட்டும். கொண்டுபோன பிள்ளைகளுக்கு இயக்கத்தில் வேறு பெயர் வைப்பார்கள். நீங்கள் அவளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஐயா. அவள் பெயர் ஜசிந்தா.