முதல் டிவிஷனுக்கு, ஃபுஜைரா வழியாக

அன்று நான் சொல்லாமல் வைத்திருந்தது இரண்டே சொற்கள்: டிரா போதும். அரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் ஃபுஜைரா போகும் வழி பற்றி யாராவது கேட்டால், மலையும் கடலும் நினைவுக்கு வருவதற்கு முன்னால் அந்த இரண்டு சொற்கள்தான் தொண்டைக்கு வருகின்றன.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஷார்ஜாவில் இந்தியப் பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறிய கல்லூரியில் நான் நூலக உதவியாளர். எங்கள் கால்பந்து அணி கல்லூரி லீகின் இரண்டாம் டிவிஷனில் வெகுகாலமாகக் கிடந்தது. இந்த ஆண்டும் முதல் டிவிஷனுக்கு ஏறாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று முதல்வர் சொல்லிவிட்டார். கடைசி ஆட்டம் ஃபுஜைராவில், பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். வெளியூர் ஆட்டத்துக்கு அலுவலர் ஒருவர் மேனேஜராகப் போக வேண்டும் என்பது விதி. குடும்பம் இருந்தவர்கள் எல்லாம் நழுவ, தனியாக இருந்த நான் அகப்பட்டேன். கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்தது பந்தைக் கையால் தொடக் கூடாது என்பது மட்டும்.

காலை எட்டரைக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பியது. ஓட்டுநர் சண்முகம் அண்ணன், புதுக்கோட்டைக்காரர், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருப்பவர். ஷார்ஜாவிலிருந்து தைத் என்ற ஊர் ஐம்பது கிலோமீட்டர். அதுவரை சாலைக்கு இருபுறமும் சிவந்த மணல் மேடுகள், நடுநடுவே கம்பி வேலியை முகர்ந்து நிற்கும் ஒட்டகங்கள். தைத் தாண்டியதும் மணல் ஓய்ந்து, கருங்கல்லைக் கொட்டிக் குவித்ததுபோல மலை தொடங்குகிறது. மரமே இல்லாத மலை இவ்வளவு அழகாக இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

மலை தொடங்கிய இடத்தில் ஜாஃபர் என் இருக்கைக்கு வந்தான். அணித் தலைவன், கோல்கீப்பர், இறுதியாண்டு மாணவன். சொந்த ஊர் காயல்பட்டினம். அங்கே பந்து உதைக்காத வீடே கிடையாது என்பான். கணக்கை எனக்கு விளக்கினான். அதே நாளில் அஜ்மானில் எங்கள் போட்டி அணிக்கும் கடைசி ஆட்டம், எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் தொடங்குகிறது. அவர்கள் வென்றால் நாங்களும் வென்றாக வேண்டும். அவர்கள் வெல்லாவிட்டால் எங்களுக்கு டிரா போதும். போன ஆண்டும் இதே நிலைமை வந்ததாம். டிரா போதும் என்று பாதியிலேயே தெரிந்துவிட, பதினொரு பேரும் கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று, கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள்.

"அஜ்மான் ஸ்கோரைச் சொல்ல உங்களுக்குத்தான் போன் வரும் மேடம். என்ன வந்தாலும் எங்ககிட்ட சொல்லக் கூடாது. கோச் சாருக்கும் கூடாது, அவர் மூஞ்சியப் பாத்தாலே ஸ்கோர் தெரிஞ்சிரும். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். சும்மா இருப்பது எனக்குச் சிரமமில்லாத வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மஸாஃபிக்கு முன்னால் சாலையோரச் சந்தை. கம்பளம், மண்பானை, பழம். இருபது நிமிடம் நிறுத்தினோம். டீ ஐம்பது ஃபில்ஸ், அதாவது அரை திர்ஹம். கடைக்காரர் சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். அவர் கோபப்பட மாட்டார், எதிர்பார்த்துத்தான் இருப்பார். மஸாஃபியில் வலப்பக்கம் திரும்பினால் பள்ளத்தாக்கு வழியாக இறக்கம், பிறகு திடீரென்று ஃபுஜைரா. ஷார்ஜாவிலிருந்து மொத்தம் நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். பையன்கள் ஜும்ஆ தொழுகை முடித்து வந்ததும் கடற்கரைக்கு அருகில் பிரியாணி, ஆளுக்கு எட்டு திர்ஹம்.

மைதானத்தைப் பார்த்ததும் எல்லோரும் பைகளைக் கீழே போட்டார்கள். புல். எங்கள் மைதானம் தொழில்பேட்டைக்குப் பின்னாலிருந்த வெறும் மணல். அங்கே ஓங்கி உதைத்தால்தான் பந்து நகரும். ஒருவன் குனிந்து, பூனையைத் தடவுவதுபோலப் புல்லைத் தடவினான். முதல் பாதி முழுக்க அந்த ஓங்கி உதைக்கும் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது. கொடுத்த பந்தெல்லாம் ஆளைத் தாண்டி வெளியே ஓடியது. ஒரு கோல் வாங்கினோம். இடைவேளையில் கோச், பந்தை உதைக்காதீர்கள், தள்ளுங்கள் என்றார். தள்ளினார்கள். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒல்லியான கோவாப் பையன் ஒருவன் தலையால் முட்டிச் சமன் செய்தான். நான் கத்தியதில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

அப்போதுதான் மைதானத்துக் கிளப் அலுவலகத்துக்குப் போன் வந்தது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த சண்முகம் அண்ணனே எடுத்துவிட்டார். ஓடி வந்தார். அஜ்மானில் ஆட்டம் முடிந்துவிட்டது, டிரா. ஆக, இங்கே ஸ்கோர் இப்படியே நின்றால் நாங்கள் மேலே.

"சொல்லிட்டு வந்துர்றேன் தங்கச்சி."

"வேண்டாம் அண்ணே. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பண்ணினது நீங்கதானே? நான் பண்ணலியே."

"நீங்க சொன்னா, திரும்பிப் போறப்ப நான் வண்டியில ஏற மாட்டேன்."

"இங்கேயே இருந்துக்கிறீங்களா? நல்ல ஊருதான்" என்று முறைத்தவர், கோட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

கடைசி நிமிடம். எங்களுக்கு ஒரு கார்னர். வென்றே ஆக வேண்டும் என்று நினைத்த ஜாஃபர், தன் கோலைக் காலியாக விட்டுவிட்டு முழு மைதானத்தையும் கடந்து எதிர்ப்பக்கம் ஓடினான். என்னைத் தாண்டித்தான் ஓடினான். கையை நீட்டியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். சண்முகம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கார்னர் பந்தை எதிரணியினர் தலையால் முட்டி விலக்க, அவர்களில் ஒருவன் அங்கிருந்தே எங்கள் காலிக் கோலைப் பார்த்து உதைத்தான். ஜாஃபர் பின்னாலேயே ஓடினான். மணலாக இருந்தால் பந்து பாதியில் நின்றிருக்கும். புல்லில் அது ஓடிக்கொண்டே இருந்தது. கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே போய்த்தான் நின்றது.

விசில். பையன்கள் அங்கங்கே விழுந்தார்கள். ஜாஃபர் புல்லில் முகம் புதைத்து அழுதான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"ஜாஃபர், அஜ்மான்ல டிரா."

தலையைத் தூக்கினான். "எப்பத் தெரியும்?"

"நீ கோலை விட்டுட்டு ஓடுறதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுக்கிட்டேவா மேடம் நின்னீங்க?" என்னையே பார்த்தான். பிறகு அழுகையும் சிரிப்புமாகச் சொன்னான்: "அடுத்த வருஷம் உங்களத்தான் கோல்ல நிறுத்தணும்."

அதற்குள் சண்முகம் அண்ணன் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டார். மைதானம் முழுக்க அவர் குரல்தான்.

நான் செய்தது சரியா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்வதைவிடச் சொல்லாமலிருப்பதற்குத்தான் உடம்பில் அதிக வலு வேண்டும் என்பது மட்டும் அன்று புரிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது மலையைக் குடைந்து நேர் சாலை வந்துவிட்டது, நேரம் மிச்சம். ஆனால் ஒருமுறையாவது மஸாஃபி வழியாகப் போங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை நல்லது. அந்தக் காலத்தில் ஷேர் டாக்ஸிக்கு இருபத்தைந்து திர்ஹம். இன்றைய கட்டணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மலையில் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

அடுத்த ஆண்டு முதல் டிவிஷனில் எட்டு ஆட்டங்கள் ஆடினோம். ஒன்றில் வென்று, ஏழில் தோற்று, மறுபடி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினோம். அணியை யாரும் கலைக்கவில்லை.