சேனைத் தண்ணீர்

நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். படிப்பும் பத்தாவதோடு சரி. பெயிண்ட் கடையில் டப்பா எடுத்துக் கொடுக்கிறவனுக்கு எழுத என்ன யோக்கியதை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இதில் வைத்திய விஷயம் வேறு வருகிறது. டாக்டர்கள் சொன்னதில் எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செல்போன் எங்களைப் போன்றவர்கள் கைக்கும் வர ஆரம்பித்திருந்த சமயம். என் தங்கைக்கு மூலக்குளம் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் தலைப்பிரசவம். ஆண் குழந்தை. வயிற்றில் தண்ணீர் கூடுதலாக இருக்கிறது என்று கடைசி ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் அதிகம் இருந்தால் பிள்ளை செழிப்பாக இருக்கும் என்று நாங்களே ஒரு அர்த்தம் சொல்லிக்கொண்டோம்.

தங்கை அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் மருந்து வாங்கப் போயிருந்தார். அறையில் நானும் மச்சானுடைய அக்காவும்தான். அக்கா கடலோர ஊர்க்காரர், டவுன் மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தலையாட்டினால் போதும். குழந்தையைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார். அவன் வாயோரம் நுரை வந்துகொண்டே இருந்தது. துடைத்தேன், மறுபடி வந்தது. குழந்தை நுரை தள்ளினால் மழை வரும் என்பார்கள். அக்காவும் அதையே சொன்னார். ஐப்பசி மாதம், வெளியே இருட்டிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் வந்து பார்க்கும்வரை ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா பையிலிருந்து பால் புகட்டும் பாலாடையை எடுத்துச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்தார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை வைப்பதைச் சேனை வைப்பது என்போம். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள்.

“நான் வெச்சா இவன் சத்தத்துக்கு மார்க்கெட்டே பத்தாது. இவங்கப்பன் வெச்சா தூங்கியே கெடப்பான். நீ வை தம்பி. உன்ன மாதிரி வாயத் தொறக்காத புள்ள எங்க வீட்ல ஒண்ணாவது இருக்கட்டும்.”

அதுவரை என் குணத்தை வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் அதைத்தான் குறையாகச் சொன்னார்கள். நர்ஸ் சொன்னது காதில் இருக்கும்போதே பாலாடையை வாங்கிக்கொண்டேன். முதலில் விரலால் தொட்டு வைத்தேன். சப்பினான். எனக்கு அது போதவில்லை. பாலாடையைச் சாய்த்தேன்.

இருமினான். நுரையோடு தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. உதடு நீலமாகிவிட்டது. நர்ஸ் ஓடி வந்து அவனைப் பிடுங்கிக்கொண்டு போய் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஒண்ணுமே குடுக்கல. சும்மா இருந்த புள்ள,” என்றார் அக்கா. பாலாடை அவர் இடுப்பில் செருகியிருந்தது. என் விரல் பிசுபிசுவென்று இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா ஒரு மெல்லிய ரப்பர் குழாயை அவன் வாய் வழியாக இறக்கினார். கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. திரும்பவும் இறக்கினார், அதே இடத்தில் நின்றது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தங்கை அங்கேயே படுத்திருக்க, மச்சானும் நானும் ஆம்புலன்ஸில் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது.

அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாய் நெஞ்சுக்கு மேலேயே சுருண்டு கிடந்தது. மச்சான் சீட்டு வாங்கப் போயிருந்த நேரத்தில் இளவயது டாக்டர் ஒருவர் எனக்கு விளக்கினார். பிள்ளைக்கு உணவுக்குழாய் இரண்டு துண்டாக இருக்கிறது. மேல் துண்டு பை போல மூடிவிட்டது. கீழ்த் துண்டு மூச்சுக்குழாயில் போய் ஒட்டியிருக்கிறது. எச்சில்கூட வயிற்றுக்கு இறங்க வழியில்லை, அதுதான் நுரை. இது கருவிலேயே ஏற்பட்டது, யாரும் செய்ததல்ல. இதைச் சொல்லிவிட்டு அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

“வாய் வழியா எதாவது குடுத்தீங்களா?”

“சர்க்கரத் தண்ணி. நான்தான் குடுத்தேன்.”

“எவ்ளோ?”

“பாலாடைல பாதி இருக்கும்.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். பை நிரம்பி வழிந்தது நுரையீரலுக்குள் போயிருக்கிறது, வலது பக்கம் படிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது, அது தெளியாமல் மயக்கமருந்து கொடுக்க முடியாது, இல்லாவிட்டால் நாளைக்கே ஆபரேஷன் செய்திருப்போம் என்றார். 

காத்திருந்தோம். மேல் பையில் ஊறும் எச்சிலைக் குழாய் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கையில் குளுகோஸ் ஏறியது. ஆனாலும் பசிக்கு அழுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் மட்டும் திறந்து மூடும், சத்தம் கேட்காது. மச்சான் சாப்பிடாமல் கிடந்தார். எனக்குக் கேன்டீன் சாப்பாடு தடையில்லாமல் இறங்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் தட்டின் முன்னால் கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் அக்கா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தார். “உன் தங்கச்சி கேட்டா நான்தான் குடுத்தேன்னு சொல்லிடு தம்பி. எனக்கு யார் திட்டினாலும் ஒறைக்காது,” என்றார். வேண்டாம் என்று அவரிடமும் சொல்லவில்லை. தங்கையிடமும் எதுவும் சொல்லவில்லை.

நெஞ்சு தெளிந்ததும் ஆபரேஷன் நடந்தது. வலது விலாவைத் திறந்து, மூச்சுக்குழாயில் ஒட்டியிருந்ததைப் பிரித்து மூடி, இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்துவிட்டான். தையல் ஆறும்வரை மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் பால். பிறகு மருந்தை விழுங்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை, நாளை முதல் வாய் வழியாகக் கொடுக்கலாம் என்றார்கள்.

அன்று சாயங்காலம், அதற்குள் தேறிப் பிள்ளையோடு வந்து தங்கியிருந்த தங்கை வார்டு வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, நாளைக்கு முதல் பால நீயே ஊட்டு. பாவம், பொறந்தப்ப இவனுக்கு யாரும் சேனகூட வெக்கலியே.”

சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் கடையில் லாரி வந்தது, சரக்கு இறக்கினோம். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தங்கையே பால் ஊட்டினாள், கொடுத்தது முழுவதையும் குடித்துவிட்டான் என்று மச்சான் போன் செய்து சொன்னார்.