பொத்தான் அத்தையின் ஜன்னல்

எங்கள் பள்ளிக்கூடத்து மதிலுக்கு எதிரில், குறுகலான ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒற்றை அறை வீடு ஒன்று. அதில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் பொத்தான் அத்தை. பள்ளி விட்டதும் பொத்தான் அறுந்த பிள்ளைகளை நான் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைப்பேன். அத்தை சட்டையைக் கழற்றச் சொல்ல மாட்டார். உடம்போடு வைத்தே தைத்து, நூலைப் பல்லால் கடித்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். புருஷன் போய்ப் பதினோரு வருஷம். பிள்ளை பிறக்கவில்லை. மிஷினை ஜன்னலோரம் போட்டிருந்தார். மதில் இடுப்பு உயரம்தான், விளையாடும் இடம் முழுக்க அங்கிருந்து தெரியும்.

நான் அந்தப் பள்ளியில் கேட்டைத் திறந்து பெருக்குகிறவள். சாயங்காலம் பூட்டிவிட்டு அவரிடம் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவேன். உனக்கு ஒரு கேட்டு இருக்கு, எனக்கு ஒரு ஜன்னல் இருக்கு, கூரை ஒண்ணு கிடைச்சா வீடே கட்டிடலாம் என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடங்கியதும் அறை எப்படி ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். கிளம்பவே மனசு வராது.

போன வருஷம், பள்ளிக்கும் சுற்றியுள்ள குடும்பங்களுக்கும் என்ன தேவை என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஒரு பெண் வந்தாள். பெரிய டீச்சர் என்னை வழிகாட்ட அனுப்பினார். கழிவறைக்குக் கதவு, குடிதண்ணீர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மதிலை உயர்த்தலாமா என்றும் ஒரு கேள்வி இருந்தது. அது இப்போது எதற்கு என்றுதான் பலரும் சொன்னார்கள்.

அத்தை வீட்டு வாசலில் அவள் நிற்கவே இல்லை. படிக்கிற பிள்ளை இல்லாத வீட்டை விட்டுவிடச் சொல்லித் தாளிலேயே போட்டிருக்கிறதாம். எனக்கு மனசு கேட்கவில்லை. மதில் உயர்ந்தால் அந்த ஜன்னலுக்கு வெறும் சுவர்தான் மிஞ்சும். வேண்டாம் என்று அத்தை சொல்லும் ஒரு வார்த்தையும் அந்தத் தாளில் ஏறட்டுமே என்று, இழுக்காத குறையாக அவளை உள்ளே கூட்டிப்போனேன்.

கேள்வியைக் கேட்டதும் அத்தை மிஷினை நிறுத்தினார்.

"உயர்த்தச் சொல்லி எழுதும்மா. பந்து ரோட்டுக்கு வந்தா பின்னாலயே குதிக்குதுங்க. இந்த மாசம் மட்டும் பதினாலு தடவை. லாரி வர்றது அதுங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரியுது."

அந்தப் பெண் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

அவள் வெளியே போனதும், ஜன்னலை நினைச்சீங்களா அக்கா என்று கேட்டேன்.

"நினைக்காமலா," என்றார்.

அந்த ஓரத்து வரியைப் படித்துத்தான் மேலதிகாரிகள் சம்மதித்தார்களாம். மூன்று மாதத்தில் மதில் எழும்பியது. ரோடு ஆபத்தென்று சொல்லி, கேட்டையும் பின் தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். அதை அத்தையும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

பிள்ளைகள் இப்போது பொத்தான் அறுந்த சட்டையை மறுநாள் பையில் கொண்டுவந்து என்னிடம் தருகிறார்கள். நான் சுற்றிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். அறையில் பகலிலேயே விளக்கு எரிகிறது. மிஷினை மட்டும் அவர் நகர்த்தவில்லை.

கடவுளைக் கும்பிடும்போதெல்லாம், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாததற்கு நன்றி சொல்கிறேன். அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

நேற்று ஒரு சட்டையை மடியில் வைத்துத் தைத்து, நூலைக் கடித்தார். பிறகு பழக்கத்தில், அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.