அத்தானின் இரண்டாவது பேட்டரி

என் அக்காள் வெங்கடேஸ்வரியைக் கட்டிய பாண்டிச்செல்வம் அத்தான் பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தார். ஸ்டோரில் பூட்ஸும் கம்பளியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தபோது எப்படியோ மெக்கானிக்காக வந்து இறங்கினார். தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் முதல் ஆளாகப் போய்க் கழற்றுவார். சரியாகாவிட்டால், "கம்பெனி மோசம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட வந்துவிடுவார். கழற்றியதை மாட்ட வேறு ஆள் வர வேண்டும்.

போன வருடம் பழைய வேன் ஒன்று வாங்கினார். பன்னிரண்டு பேர் உட்காரலாம். கல்யாணம், காதுகுத்து என்று வாடகைக்கு ஓட்டத் திட்டம். வண்டி நிற்கும்போதும் உள்ளே டிவி, ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓட வேண்டும் என்றார். அதற்காகப் பின் சீட்டுக்கு அடியில் இரண்டாவது பேட்டரி. யோசனையில் தப்பில்லை. அதை அவரே செய்வதுதான் தப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்யும் மாரிசெல்வியின் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் ஒரு லாரிக்கு ஹெட்லைட் மாட்டிக்கொண்டிருந்தாள். இவர் கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல ரிலே போடணும் அண்ணாச்சி. இஞ்சின் ஓடும்போது ரெண்டும் சார்ஜ் ஏறும். நிறுத்திட்டா தானா பிரிஞ்சிரும். நீங்க எம்புட்டு நேரம் டிவி பாத்தாலும் ஸ்டார்ட் பண்ணுத பேட்டரி இறங்காது. ரெண்டு பக்கமும் பியூஸ் வேணும். கேபிள் கனமா இருக்கணும்."

அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன். "ஏம்மா, நான் மிலிட்டரி வண்டியவே பாத்தவன். பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ். இதுக்குப் போயி ரிலேயாம்."

வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கருக்குப் போடும் ஒயரை வைத்து இரண்டு பேட்டரியையும் நேராக இணைத்தார். பியூஸ் கிடையாது. ஒயரைத் தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டினார். "அந்தப் பிள்ள சொன்னத ஒருக்கா யோசிங்க அத்தான்" என்றேன்.

"ஏலே, நீ பேண்டேஜ் மில்லுல துணிக்கு அளவு பாக்குத ஆளு. ஒனக்கு கரண்டப் பத்தி என்னலே தெரியும்?"

நான் அதோடு விட்டுவிட்டேன். அப்படி விட்டுவிட்ட வெட்கம் எனக்கு இன்னும் உண்டு.

முதல் மூன்று வாரம் எல்லாம் ஓடியது. போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் அங்காளம்மாளின் சவாரி வந்தது. அக்காளோடு மில்லில் வேலை பார்ப்பவர், சோழபுரத்துக்காரர். அவர் மகள் கனகலட்சுமியைக் கான்சாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கே வளைகாப்பு முடித்து, பிள்ளையைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அக்காளும் நானும் கூடப் போனோம்.

எல்லோரும் வீட்டுக்குள் வளையல் போட்டுக்கொண்டிருக்க, அத்தான் வேனுக்குள் ஃபேனைப் போட்டு, நான்கு மணி நேரம் டிவி பார்த்தார். நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்று எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். சாவியைத் திருகினார். டிக் என்றது. மறுபடி திருகினார். அந்த டிக்கும் இல்லை.

"என்ன பாண்டிச்செல்வம், வண்டி செத்துப்போச்சா?" என்றார் கனகலட்சுமியின் மாமனார்.

"இந்த ஊர்க் காத்துல ஈரம் ஜாஸ்தி" என்றார் அத்தான். சித்திரை மாதத்தில்.

கடைசியில் ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து வேனைக் கிளப்பினார்கள். காலியாய்க் கிடந்த பின் பேட்டரி, வழியெல்லாம் அந்த மெல்லிய ஒயர் வழியாகக் கரண்டை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. கிருஷ்ணன்கோவிலை நெருங்கும்போது காலுக்கடியில் புகை வந்தது.

அத்தான் பிரேக்கை அழுத்தினார், இஞ்சினை நிறுத்தினார், கதவைத் திறந்து குதித்தார், ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார். உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணி. நான் பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்தேன். அக்காளும் அங்காளம்மாளும் கனகலட்சுமியைத் தாங்கி இறக்கினார்கள். இஞ்சின் நின்றும் புகை நிற்கவில்லை; பேட்டரி இரண்டும் இன்னும் அந்த ஒயரில்தான் மாட்டியிருந்தன.

பின்னால் வந்த காலேஜ் பஸ் நின்றது. டிரைவர் ராஜரத்தினம் ஸ்பேனரோடு ஓடி வந்து, "பேட்டரி எங்க?" என்றார்.

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து அத்தான் கத்தினார்.

"இங்க வந்து காட்டுங்கய்யா!"

அவர் வரவில்லை. நான் காட்டினேன். ராஜரத்தினம் இரண்டையும் கழற்றிய பிறகுதான் புகை அடங்கியது. உருகிய ஒயரைத் தூக்கிப் பார்த்து, "இதப் போட்டது யாரு?" என்றார். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கையை நீட்டினேன்.

பெண்களைக் காலேஜ் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டார். மாணவிகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அக்காள் ஏறும்போது புருஷன் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு மாரிசெல்வியிடம் போனோம். "ஒயர்லயும் டூப்ளிகேட் வந்துட்டும்மா" என்றார் அத்தான்.

"ஒயரு நல்ல ஒயருதான் அண்ணாச்சி. வேலதான் டூப்ளிகேட்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமலே. ரிலே, பியூஸ், கனத்த கேபிள் என்று இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தாள். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. தான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அந்தப் பெண் மாட்டியதாக அத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆடியில் கனகலட்சுமிக்குப் பெண்குழந்தை பிறந்தது. பார்க்கப் போக அக்காள் பழமும் சட்டையும் வாங்கி வைத்திருந்தாள். அத்தான் வேனைத் துடைத்து வாசலில் நிறுத்தி, "ஏறு, போவோம்" என்றார்.

"நான் தம்பியோட பஸ்ல போய்க்கிடுதேன்" என்றாள் அக்காள்.

"வண்டி சும்மாதான நிக்கி?"

"நிக்கட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். வண்டி துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.