உறைந்துபோன மருந்து

யுத்தம் முடிந்த பிறகு, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய பங்களாச் சாமான்களோடு எங்கள் செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்கு மின்சாரக் குளிர்பெட்டி ஒன்று வந்தது. என் கணவர் நூல் வியாபாரி. பெட்டி வந்தது தெரிந்ததும், அடுத்த வீட்டு முஸ்லிம் தோல் வியாபாரியின் மனைவி ஒரு சின்னச் சீசாவோடு வந்தாள். அவள் கணவருக்கு நீரிழிவு. இன்சுலின் மருந்தைக் குளிர்ச்சியில் வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தாராம். தினமும் காலையில் வந்து அவளே எடுத்துப் போய், ஊசி போட்டதும் திரும்பக் கொண்டுவந்து வைப்பாள்.

ஒரு காலை சீசாவை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மருந்து கட்டியாக உறைந்திருந்தது. பக்கத்தில் பாலும் கல்லாகியிருந்தது.

"நேத்து நாந்தான் கதவைச் சரியாச் சாத்தாம போயிட்டனாட்ட இருக்குதுங்க அக்கா" என்றாள்.

"இருக்கும், இருக்கும். பழக்கமில்லாத கை" என்றார் உள்ளேயிருந்து என் கணவர். நான் மறுக்கவில்லை.

உறைந்த மருந்தைப் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புது மருந்து சென்னையிலிருந்து ரயிலில் வரவேண்டும். அதற்குள் அந்த மனிதர் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காமல் படுத்துவிட்டார். சுவர் தாண்டி அவர் முனகல் கேட்டது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கதவு சரியாக மூடாவிட்டால் உள்ளே சூடுதானே ஏறும்? இது எப்படி உறைந்தது? குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கடைசி வரை குறைத்துப் பார்த்தேன், மோட்டார் நிற்கவேயில்லை. சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தேன். ஐஸ் அறையை ஒட்டி இருக்கவேண்டிய மெல்லிய செம்புக் குழாய் ஒன்று கதவுப் பக்கமாகத் தொங்கியது. உள்ளே எவ்வளவு குளிர் என்று மோட்டாருக்குச் சொல்வதே அதன் நுனிதான் போலும். அதை ஐஸ் அறைமேல் விரலால் அழுத்திப் பிடித்தேன். சற்று நேரத்தில் மோட்டார் நின்றது.

குழாயைப் பிடித்திருந்த திருகாணி கீழ்த்தட்டில் கிடந்தது. மருந்து உறைந்ததற்கு முந்தின நாள், விருந்தாளிகளின் சர்பத்துக்காக அகப்பைக் காம்பால் ஐஸைத் தட்டிப் பெயர்த்தவள் நான்.

கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் அடுத்த வீட்டுக்கு ஓடினேன். அவள் கணவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல தப்பே இல்லீங்க. நாந்தான் குழாயைத் தட்டி விட்டுட்டேன்."

அவள் விசிறியைக் கீழே வைத்தாள். "நெசமாத்தானுங்களா? நானே அவரைக் கொன்னுபோட்டேன்னு இருந்தனுங்க அக்கா" என்று விம்மினாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மருந்து வந்தது, மெல்ல அவர் எழுந்து உட்கார்ந்தார். திருகாணியை முடுக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அது உறையவில்லை என்று பார்த்த பிறகுதான் புதுச் சீசாவைக் கேட்டேன். தயங்காமல் கொடுத்தாள். அதை வாங்கிய என் கைதான் கூசியது.