பாதியில் நின்ற ‘வா’

எங்கள் தையல் கடையில் எல்லோருக்கும் இரண்டு பெயர். ஒன்று வீட்டில் வைத்தது, இன்னொன்று கட்டிங் மாஸ்டர் கையால் வைத்தது. முதலாளிக்கு அவர் வைத்த பெயர், இல்லாத தொப்பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பது. பொத்தானுக்குக் காஜா எடுப்பவருக்கு, தூங்கி விழும் தலை. எனக்கு, வாய்க்குப் பக்கத்தில் விரல்கள் ஓயாமல் திறந்து மூடுவது. வாயாடி என்று அர்த்தம். முதலில் கோபம் வந்தது. காதே கேட்காத மனிதருக்கு நான் வாயாடி என்று எப்படித் தெரிந்தது என்று யோசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

மாஸ்டருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் பின்பக்க அறை அவருக்கு. எனக்கு மூன்றாவது மாடி. கடையை அடைத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்துதான் நடப்போம். வழியெல்லாம் நான் பேசுவேன், அவர் என் வாயைப் பார்த்துக் கொஞ்சம், கையைப் பார்த்துக் கொஞ்சம் எனப் புரிந்துகொள்வார். புரியாத இடத்தில் தலையை ஆட்டி வைப்பார். கேட்கிற காதுள்ள என் வீட்டுக்காரரும் உயிரோடு இருந்தவரை அதைத்தான் செய்தார்.

அறைக்குள் போனதும் மாஸ்டர் முகம் கழுவி, தலை வாரி, போனை அலமாரியில் சாய்த்து வைப்பார். வெளியூரில் இருக்கும் அக்காவோடு பேசும் நேரம் அது. அந்த அக்காவுக்கும் காது கேட்காது. மாஸ்டர் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அக்காவை அனுப்பவில்லை. எழுத்து தெரியாது, பள்ளியில் சொல்லித்தரும் சைகையும் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தின் பெயரே தெரியாத வயதில் இரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு பாஷை உண்டாக்கியிருந்தார்கள். அது உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் முழுசாகத் தெரியும். அக்கா பெற்ற மகனுக்கே பசி, வலி, தண்ணீர் என்று பாதிதான் புரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்கும். தினமும் விரலைத் திறந்து மூடி, ‘வாயாடி எங்கே’ என்று கேட்பார்.

அவர்கள் பாஷையில் ‘வேண்டாம்’ என்றால் உள்ளங்கையை எதிராளிக்குக் காட்டி அப்படியே நிறுத்துவது. ‘வா’ என்றாலும் முதலில் அதே உள்ளங்கைதான். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக உள்பக்கம் மடங்கும். ஏன் இப்படி என்று ஒருநாள் மாஸ்டரைக் கேட்டேன். சின்ன வயதில் அவர்கள் வீட்டுக்கு எதிரே பெரிய ரோடு. வண்டி வருது என்று கத்தினால் பிள்ளைகளுக்குக் கேட்காது. அதனால் அவர்கள் அம்மா ரோட்டின் அந்தப் பக்கம் நின்று முதலில் கையைக் காட்டி நிறுத்துவாராம். ரோடு காலியானதும் விரலை மடக்கிக் கூப்பிடுவாராம். நில், பிறகு வா. அதுவே பிள்ளைகளுக்கு ஒரே வார்த்தையாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு வைஃபை வந்த பிறகுதான். முன்பெல்லாம் மாஸ்டரையும் சேர்த்து இரண்டு மூன்று பேரிடம்தான் அந்தப் பெட்டி இருந்தது. பிறகு ஒரு கம்பெனிக்காரன் வந்து எல்லா வீட்டிலும் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து சாயங்காலமானால் மாஸ்டர் போனில் படம் நின்று நின்று வந்தது. நமக்கு என்றால் படம் நின்றாலும் குரல் வரும், சமாளித்துவிடலாம். அவர்களுக்குப் படம்தானே குரல். அக்கா கையைத் தூக்குவார், அங்கேயே உறைந்துவிடும். திரும்ப அசையும்போது கை மடியில் இருக்கும். நடுவில் சொன்னதெல்லாம் போச்சு.

காலையில் படம் நன்றாக வரும். ஆனால் போன் அக்கா மகனுடையது, அவன் வேலைக்குக் கொண்டு போய்விடுவான். மாஸ்டர் அறைக்குள் டவர் கிடைக்காது. தெருவுக்குப் போய் நின்றால் டவர் கிடைக்கும், இருட்டில் கை தெரியாது. பெட்டியை அலமாரி மேல் வைத்துப் பார்த்தார், ஜன்னலில் வைத்துப் பார்த்தார். யாரோ சொன்னார்கள் என்று அதன் பின்னால் அலுமினியத் தாள்கூட ஒட்டினார். கம்பெனிக்கு போன் செய்தோம்.

“கனெக்‌ஷன் வச்சிருக்கிறவர்தான் பேசணும், மேடம்.”

“அவருக்குக் காது கேக்காதுங்க. பேச வராது.”

“பரவால்ல மேடம், அவர்கிட்டயே போனைக் குடுங்க.”

எனக்கு மூக்கின்மேல் கோபம். “குடுத்துட்டேன், பேசுங்க!” என்று போனை மாஸ்டர் காதில் வைத்தேன். அவர் பாவம், முதலாளிக்கு ஆட்டுவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், எங்கள் பக்கம் வேகம் சரியாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று மகன் மெசேஜ் அனுப்பினான். அன்று சாயங்காலம் நானும் கூட இருந்தேன். மாஸ்டர் போனைப் பார்த்து, ‘நான் வரட்டுமா’ என்று கேட்டார். அக்கா உள்ளங்கையைக் காட்டினார். அது அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தோம், கை இறங்கவே இல்லை. பிறகு லைன் அறுந்துவிட்டது.

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. சீருடை சீசனில் முதலாளி விடாததால் அக்கா மகன் கல்யாணத்துக்கு இவர் பந்தி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்திருந்தார். அதில் அக்காவுக்கு வருத்தம் இருந்தது உண்மை. ‘இன்னும் கோபம். வர வேண்டாமாம்’ என்று எனக்குச் சைகை காட்டினார்.

“படம் நின்னுடுச்சு மாஸ்டர், திரும்பக் கேளுங்க” என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. அக்கா வேண்டாம் என்று சொன்னதை இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லையாம். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அக்கா கூப்பிட்டால் துண்டு துண்டாகத் தெரியும் முகத்தைப் பார்த்து, ‘நான் நல்லா இருக்கேன்’ என்று காட்டிவிட்டு வைத்துவிடுவார். அவருக்கு வீம்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீம்புக்குள் அழுகைதான் இருந்தது. கடையில் ஒரு பேண்ட் துணியை இரண்டு இடதுகாலாக வெட்டி வைத்தார்.

ஒருநாள், தைத்த சட்டையை வாங்க வந்த பெண் கழுத்தில் ஏதோ இணையக் கம்பெனி அட்டை தொங்கியது. மாஸ்டருடைய கம்பெனி இல்லை, வேறு. விடுவேனா, கையோடு அழைத்துக்கொண்டு போனேன். மாஸ்டர் அறை வாசலில் நின்றபடியே அவள் தன் போனில் எதையோ திறந்தாள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் வளைவுக் கோடுகளாகத் தெரிந்தது.

“பாத்தீங்களாக்கா? இந்தக் கட்டடத்துல இருக்கிற எல்லாப் பெட்டியும் ஆறாவது சேனல்லதான் இருக்கு. மாட்டிட்டுப் போனவன் ஒண்ணையும் மாத்தல.”

“இங்க யாரு டிவி பாக்கறா? மாஸ்டருக்கு எதுக்கு சேனல்?”

சிரித்துவிட்டாள். “அந்த சேனல் இல்லக்கா. ஒரே ரூம்ல எல்லாரும் சேர்ந்து பேசினா என்ன ஆகும்? ஒருத்தர் நிறுத்தட்டும்னு இன்னொருத்தர் காத்துக்கிட்டு நிக்கணும்ல? சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்துடறாங்க. இவரோட பெட்டி தன் முறைக்காகக் காத்துக்கிட்டே நிக்குது. வேகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பதினொண்ணுல பாருங்க, ஈ காக்கா இல்ல. அங்க மாத்திடலாம்.”

பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்துப் போனில் தட்டினாள். ஆறு இருந்த இடத்தில் பதினொன்று போட்டாள். பெட்டியின் விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தது. அலுமினியத் தாளைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டு, “இதை சமையலுக்கு வச்சுக்குங்க” என்றாள். அவ்வளவுதான். இத்தனை நாள் நாங்கள் பட்ட பாட்டுக்கு மருந்து அவ்வளவுதான்.

சாயங்காலம் மாஸ்டர் தானே கூப்பிட்டார். படம் வந்தது, கண்ணாடி மாதிரி. அப்போதுதான் அக்காவைச் சரியாகப் பார்த்தோம். கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள், கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஆனால் கை மட்டும் பழையபடி ஓடியது.

‘ஏன் வரல? வான்னு சொன்னேனே. உனக்குன்னு பாய் எடுத்துப் போட்டு வச்சேன். கதவு திறந்தா நீதான்னு பாக்கறேன்.’

மாஸ்டர் உள்ளங்கையைக் காட்டி, நிறுத்தினார். ‘நீ இதைத்தான் சொன்னே.’

அக்கா புரியாமல் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல், ஒவ்வொரு விரலாக மடக்கினார். மாஸ்டர் இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டார். அதைப் பார்த்து அக்கா சிரித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். இவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் மட்டும் என்ன கல்லா?

‘இப்பவே பஸ் ஏறறேன். காலையில வந்துடுவேன்’ என்றார் மாஸ்டர். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. நானும் கூடப் போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னதும், நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றார். நாலு பேருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்கா மகன் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் வழியில் இருக்கும்போது அக்காவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை அறைக்குக் கொண்டு போய்விட்டார்கள். உள்ளே அவனை விடவில்லை.

“அம்மாவுக்குக் காது கேக்காதுன்னு சொல்லித்தான் விட்டேன் அத்தை. அதுக்குள்ள டூட்டி மாறிடுச்சாம், புதுசா வந்த நர்ஸுக்கு யாராவது சொன்னாங்களோ என்னவோ.”

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் தொடங்கியதும் மாஸ்டரையும் என்னையும் உள்ளே விட்டார்கள். அக்கா கண் மூடிப் படுத்திருந்தார். மூக்கில் குழாய், கையில் ஊசி. இரண்டு மணிக்கட்டையும் பட்டித் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நானாக இருந்தால் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி. மாஸ்டர் ஓடிப்போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நர்ஸ் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவளே அவிழ்த்துவிட்டாள்.

மாஸ்டர் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். எழுப்பினார். தோளைத் தட்டினார், முகத்துக்கு நேரே கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அக்கா கண் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம், திறக்காமலே போய்விட்டார்.

எல்லாம் முடிந்து நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்த நர்ஸ் வந்தாள். சின்னப் பெண்தான். மாஸ்டர் எதிரில் நின்று என்னிடம் பேசினாள்.

“எங்களுக்குத் தெரியலம்மா. கையை வீசிக்கிட்டே இருந்தாங்க. குழாயைப் பிடுங்கிடுவாங்களோன்னு பயந்துட்டோம்.”

“என்ன பண்ணினாங்க?”

செய்து காட்டினாள். இடுப்பு உயரத்தில் கையை வைத்து, இல்லாத ஒரு தலையைத் தடவினாள். இரண்டு முஷ்டியையும் முன்னால் நீட்டி, இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு கையை இன்னொரு கைக்குப் பின்னாலிருந்து மேலே கொண்டுவந்தாள். “அப்புறம் கன்னத்துல கை வச்சாங்க. தூங்கணும் போலன்னு ஊசி போட்டோம். அதுக்கு எங்களைத் தள்ளிவிட்டாங்க, இப்படி” என்று உள்ளங்கையை எங்கள் முன் நீட்டினாள்.

தம்பி. பஸ். விடியல். தூக்கம், வேண்டாம்.

நர்ஸுக்குத் தெரியாது, அவள் அக்காவின் பாஷையில் பேசிக்கொண்டிருந்தாள் என்று. என் தம்பி பஸ்ஸில் வருகிறான், விடிந்தால் வந்துவிடுவான், என்னைத் தூங்க வைக்காதே. எனக்கே அவ்வளவும் புரிந்தது. மாஸ்டர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏதாவது சொல்ல வந்தாங்களாம்மா?” என்று நர்ஸ் என்னிடம் கேட்டாள். மாஸ்டர் என் தோளைத் தொட்டார். அவளை இன்னொரு முறை செய்து காட்டச் சொல்லும்படி கேட்டார்.